பேஸ்பால் வீரர்களும் குடிநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒரு வீரர் குடியால் செய்திக்கு வருவார். உடனே நண்பர்களிடமிருந்து கேள்விகள் வரும். கோடிக்கணக்கில் சம்பாதிப்பவருக்கு என்ன குறை? அணி ஏன் அவரைத் தூக்கவில்லை? தூக்கிவிட்டால், ஏன் தூக்கினார்கள்? அவற்றில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேஸ்பால் தெரியாதவர்களும் படிக்கலாம். தேவையான இடத்தில் ஆட்டத்தை விளக்கியிருக்கிறேன்.

சிசி சபாத்தியா விஷயத்தில் என்னதான் நடந்தது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

சபாத்தியா நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, இருந்தவர். கலிபோர்னியாவின் வயேஹோ ஊர்க்காரர். ஆஜானுபாகுவான இடதுகைக்காரர். 2015 அக்டோபர் முதல் வாரம், சீசனின் கடைசி ஆட்டங்களுக்காக அணி பால்டிமோர் போயிருந்தது. மழையால் ஒரு நாள் ஆட்டம் தள்ளிப்போனது. அவர் ஹோட்டல் அறையிலேயே குடிக்க ஆரம்பித்தார். அந்த வார இறுதி முழுக்கக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், ஜோ ஜிராடியிடம் போய், எனக்கு உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாளைக் கவனியுங்கள். செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 6ஆம் தேதி, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுடன் ஒரே ஒரு ஆட்டம். தோற்றால் சீசன் முடிந்தது. யாங்கீஸ் போன்ற அணிக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. அதற்கு முந்தைய நாளான திங்கட்கிழமை, சபாத்தியா குடிநோய்ச் சிகிச்சைக்குப் போகிறார் என்று அணி அறிவித்தது. அவர் பெயரிலேயே அறிக்கை வந்தது. அணித் தோழர்களை இந்த நேரத்தில் விட்டுப்போவது வேதனையாக இருக்கிறது, ஆனாலும் குடும்பத்துக்காகவும் எனக்காகவும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அணியின் பொது மேலாளர் பிரையன் கேஷ்மேன் செய்தியாளர்கள் முன்னால் வந்து, இது வாழ்க்கைப் பிரச்சினை, நாளைய ஆட்டத்தைவிடப் பெரியது என்ற பொருளில் பேசினார். மறுநாள் யாங்கீஸ் 3-0 என்று தோற்றது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, 'இன்னும் இரண்டு வாரம் பொறுத்துக்கொள், சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரும் சொல்லாததுதான். குடிநோய் உள்ளவர் வாய் திறந்து உதவி கேட்கும் நேரம் அபூர்வமாகத்தான் வரும். அதைத் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் மனசு மாறிவிடும். அந்த ஒரு நாளில் அணி சரியாக நடந்துகொண்டது.

குடித்துக்கொண்டே எப்படி அத்தனை வருடம் ஆட முடிந்தது?

பிட்சரின் வேலைமுறையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் தினமும் எறிவதில்லை. ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் அவர் முறை. மற்ற நாட்களில் பயிற்சி செய்வார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்.

சபாத்தியா பிறகு தானே விவரித்திருக்கிறார்: எறிந்து முடித்த இரவு குடி தொடங்கும், இரண்டு மூன்று நாள் ஓடும், பிறகு அடுத்த ஆட்டத்துக்கு முன் இரண்டு நாள் நிறுத்தி உடம்பைத் தேற்றிக்கொள்வார். பிறகு எறிவார். பிறகு மறுபடியும். குடியும் அட்டவணை போட்டுக்கொண்டு நடந்தது. எறிய வேண்டிய நாளில் ஒழுங்காக வந்து நின்றதால், நான் குடிநோயாளி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவருக்கு வசதியாகப் போயிற்று. நம்மில் பலர் இதை வேறு வடிவத்தில் பார்த்திருப்போம். திங்கள் காலை ஆபீஸுக்குத் தவறாமல் போகிறவரை வீட்டில் யாரும் குடிநோயாளி என்று சொல்லத் துணிவதில்லை.

'குடிப்பழக்கம்' என்றே சொல்லலாமே, ஏன் 'குடிநோய்'?

பழக்கம் என்றால் மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்று தோன்றும். மூளையும் உடம்பும் மதுவுக்கு அடிமையானபின் அது அவ்வளவு எளிதில்லை. திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம், அதனால்தான் மருத்துவ மேற்பார்வை தேவைப்படுகிறது. நோய் என்று சொல்வதால் செய்த தப்புக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரைப் பற்றிக் கீழே எழுதும்போது நான் அந்தப் பொறுப்பைக் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

மற்ற விளையாட்டுகளைவிட பேஸ்பாலில் ஏன் இந்தப் பேச்சு அதிகம்?

ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள், அதற்கு முன் பிப்ரவரி நடுவிலிருந்து பயிற்சி முகாம். பாதி நாட்கள் வெளியூர். இரவு பத்து, பத்தரைக்கு ஆட்டம் முடியும். ரத்தத்தில் இன்னும் வேகம் அடங்கியிருக்காது, தூக்கம் வராது. தெரியாத ஊரில் திறந்திருக்கும் ஒரே இடம் ஹோட்டலின் பார். இப்படி ஒரு வருடம் இல்லை, பதினைந்து வருடம்.

அப்புறம் பியர். இந்த ஆட்டமும் பியரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை 1953 முதல் 1996 வரை அன்ஹைசர்-புஷ் என்ற பியர் கம்பெனிதான் வைத்திருந்தது. மைதானத்துக்கு இன்றும் புஷ் ஸ்டேடியம் என்றுதான் பெயர். டென்வரில் உள்ள மைதானம் கூர்ஸ் ஃபீல்டு; கூர்ஸும் ஒரு பியரின் பெயர்தான். மில்வாக்கி அணியின் பெயரே 'புரூவர்ஸ்', பியர் காய்ச்சுபவர்கள். கிளப்ஹவுஸில், அதாவது வீரர்கள் உடை மாற்றும் அறையில், குளிர்பெட்டி நிறைய பியர் இருப்பது பல பத்தாண்டுகள் சாதாரண விஷயம். ஆட்டம் முடிந்து வந்தால் ஒரு தட்டில் சாப்பாடு, கையில் ஒரு பியர். இந்த இடத்தில் குடியை விட நினைப்பவர் தினமும் சாராயக்கடைக்குள் வேலைக்குப் போகிற மாதிரிதான்.

பழைய காலத்தில் அணிகள் என்ன செய்தன?

பெரும்பாலும் அபராதம் போட்டன, வேறு அணிக்கு விற்றன, அல்லது கண்ணை மூடிக்கொண்டன.

ஹேக் வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ கப்ஸ் அணிக்காக 1930இல் ஒரே சீசனில் 191 ரன்களை அடித்து உள்ளே கொண்டுவந்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. குடியால் சில வருடங்களில் ஆட்டம் போயிற்று, கை மாறி மாறிக் கடைசியில் எந்த அணியும் வேண்டாம் என்றது. 1948இல் பால்டிமோரில் 48 வயதில் இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூடப் பணமில்லை. நேஷனல் லீக் தலைவர் 350 டாலர் அனுப்பினார். சாவதற்குச் சில நாட்கள் முன்பு வானொலியில் தன் குடியைப் பற்றி அவர் பேசியிருந்தார். அந்தப் பேச்சை எழுதி ஃபிரேம் போட்டு கப்ஸ் அறையில் மாட்டினார் அணியின் மேனேஜர் சார்லி கிரிம். அறை முழுக்க வீரர்கள், சுவரில் செத்துப்போனவரின் வார்த்தைகள். உயிரோடு இருந்தபோது அவருக்கு அந்த உலகம் செய்தது அபராதமும் கைமாற்றமும் மட்டும்தான்.

யாங்கீஸின் மிக்கி மேன்டில் கதை இன்னும் கனமானது. 1951இல் 19 வயதில் வந்தவர். அடுத்த வருடமே அப்பா 40 வயதில் ஹாட்ஜ்கின் புற்றுநோயில் இறந்தார். குடும்பத்தில் ஆண்கள் சிறு வயதில் போனதைப் பார்த்து, நானும் நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்று முடிவுகட்டிக்கொண்டார். நாற்பதுக்குள் எல்லாவற்றையும் அனுபவித்துவிட வேண்டும் என்று குடித்தார். அவர் குடிப்பது ஊருக்கே தெரியும்; பத்திரிகைக்காரர்கள் எழுத மாட்டார்கள். 1957 மே மாதம் நியூயார்க் கோபாகபானா கிளப்பில் சக வீரர் பில்லி மார்ட்டினின் பிறந்தநாள் விருந்து சண்டையில் முடிந்தது. அணி மேன்டில் உட்படப் பெரும்பாலானவர்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் அபராதம் போட்டது. அடுத்த மாதம் மார்ட்டினை கேன்சஸ் சிட்டிக்கு மாற்றிவிட்டது. விஷயம் முடிந்தது. யாரிடமும், 'தம்பி, உனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லவில்லை.

மேன்டில் 1968க்குப் பிறகு ஆடவில்லை. சிகிச்சைக்குப் போனது 1994 ஜனவரியில், ஆட்டத்தை விட்டு 25 வருடம் கழித்து. அதற்குள் கல்லீரல் போய்விட்டது. 1995 ஜூனில் டாலஸில் மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். ஜூலையில் செய்தியாளர்கள் முன் வந்தார். ஒரு காலத்தில் மதில் மாதிரி இருந்தவர், சட்டை தோளில் தொங்கியது. என்னை முன்மாதிரி என்கிறீர்களா, என்னைப் போல ஆகாதீர்கள் என்றார். ஆகஸ்ட் 13 அன்று 63 வயதில் புற்றுநோயில் இறந்தார்.

மார்ட்டினும் அப்படித்தான். பிறகு யாங்கீஸுக்கே மேனேஜராகி, ஐந்து முறை வேலைக்கு வந்து ஐந்து முறையும் போனார். 1989 கிறிஸ்துமஸ் அன்று, மது சம்பந்தப்பட்ட வாகன விபத்தில் இறந்தார்.

அப்படியென்றால் இந்தப் போக்கு எப்போது மாறியது? யார் மாற்றினார்கள்?

நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் டான் நியூகோம்ப். புரூக்ளின் டாட்ஜர்ஸின் கறுப்பினப் பிட்சர். 1956இல் 27 வெற்றிகள். சிறந்த வீரர் விருதும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் ஒரே வருடத்தில் வாங்கினார். சை யங் விருது அந்த வருடம்தான் தொடங்கியது, முதல் விருதே அவருக்கு. விமானத்தில் ஏற பயம், அதற்குக் குடி. தோல்வி, அதற்கும் குடி. நான்கே வருடத்தில் ஆட்டம் முடிந்தது. 1966இல் மனைவி வீட்டை விட்டுப் போகப் புறப்பட்டபோது, மகன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டார். 2019இல் 92 வயதில் இறக்கும்வரை தொடவில்லை.

டாட்ஜர்ஸ் நிர்வாகம் அவரை 1970களில் திரும்ப அழைத்து வேலை கொடுத்தது. இளம் வீரர்களிடம் அவர் குடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மற்ற அணிகளின் பயிற்சி முகாம்களுக்கும் போனார். 1980இல் கேன்சஸ் சிட்டி முகாமில் வீரர்களை உட்கார வைத்து வரிசையாகக் கேள்விகள் கேட்டார். உனக்குக் குடிப்பிரச்சினை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் கேள்விகள். அங்கே உட்கார்ந்திருந்த கேட்சர், அதாவது பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர், டாரல் போர்ட்டர் மனதுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போனார். சீக்கிரமே முகாமை விட்டுச் சிகிச்சைக்குப் போனார். 1982 வேர்ல்டு சீரிஸில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில், சிறந்த வீரர் அவர்தான்.

அதே காலத்தில் டாட்ஜர்ஸிலேயே பாப் வெல்ச். 1978 வேர்ல்டு சீரிஸில், 21 வயதில், யாங்கீஸின் நட்சத்திர அடிப்பாளர் ரெஜி ஜாக்சனை ஸ்டிரைக் அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலே ஆட்டமிழக்க வைத்து, நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த பையன். அடுத்த சீசனில் ஆட்டத்துக்கே குடித்துவிட்டு வந்தார். அணி அவரை உட்கார வைத்துப் பேசியது. 1980 ஜனவரியில் அரிசோனாவில் ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனார். திரும்பி வந்து அதை ஒளிக்காமல் எல்லோரிடமும் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும் வீரர் ஒருவர் இப்படி வெளிப்படையாகச் சொல்வது அன்றைக்குக் கிட்டத்தட்டக் கேள்விப்படாத விஷயம். பத்து வருடம் கழித்து 1990இல், ஓக்லண்ட் அணிக்காக 27 ஆட்டங்கள் ஜெயித்து சை யங் வாங்கினார். நியூகோம்ப் வாங்கிய அதே விருது, அதே 27.

ஒரு மருத்துவர் சொன்னால் வீரர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதே அறையில் உடை மாற்றியவர், அதே ஹோட்டலில் குடித்தவர் சொன்னால் தப்பிக்க வழியில்லை. அணிகள் இந்த விஷயத்தில் செய்ததிலேயே பயன்பட்டது இது என்பது என் கருத்து.

குடியை விட்டால் ஆட்டம் போய்விடும் என்ற பயம் வீரர்களுக்கு உண்டா?

உண்டு. 'குடித்தால்தான் இறுக்கம் தளரும்' என்பது பழைய நம்பிக்கை. டேவிட் வெல்ஸ் 1998இல் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு, அதாவது ரன் ஓட்டத்தின் முதல் நிலைக்கு, விடாத முழுநிறைவான ஆட்டத்தை எறிந்தார். அன்று முந்தைய இரவின் போதை தெளியாமலே ஆடியதாகப் பிறகு தன் நூலில் எழுதினார். யாங்கீஸ் அந்த நூலுக்காக அவருக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. இந்த மாதிரிக் கதைகள் வேகமாகப் பரவும். நிதானத்தில் ஆடியவர்களின் கதை பரவுவதில்லை.

டென்னிஸ் எக்கர்ஸ்லி கதையைச் சொல்கிறேன். 1986 கிறிஸ்துமஸ் சமயம் உறவினர்கள் அவரை வீடியோ எடுத்தார்கள். மறுநாள் போட்டுக் காட்டினார்கள். குடித்துவிட்டுத் தன் சின்ன மகளின் முன்னால் தான் நடந்துகொண்ட விதத்தைத் தானே உட்கார்ந்து பார்த்தார். அடுத்த மாதமே சிகிச்சைக்குப் போனார். அப்போது அவருக்கு 32 வயது, எல்லோரும் முடிந்த கணக்கு என்று நினைத்தார்கள். ஓக்லண்ட் போய், கடைசி இன்னிங்ஸை மட்டும் எறியும் பிட்சராக மாறினார். 1992இல் சிறந்த வீரர், சை யங் இரண்டும். 2004இல் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் மேதைகளின் கௌரவப் பட்டியல்.

ஆனால் இதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போர்ட்டர் 2002இல் 50 வயதில் இறந்தபோது உடம்பில் கோகெய்ன் இருந்தது. இருபது வருடம் கழித்தும் அந்த நோய் காத்திருந்தது.

இன்றைய விதிமுறை என்ன? குடித்தால் தடை உண்டா?

வயதுவந்த வீரர் மது அருந்துவது குற்றமில்லை, அதற்குத் தடையும் இல்லை. ஊக்கமருந்தில் முதல் முறை பிடிபட்டால் 80 ஆட்டம் தடை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் லீக் தானாகப் போடும் தடை என்று எதுவும் கிடையாது. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எனக்கும் உறுத்துகிறது.

2011 இறுதியில் லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில்தான் மதுவுக்கென்று முதல் முறையாக ஒரு ஏற்பாடு வந்தது. குடித்து வண்டி ஓட்டிக் கைதானவர் நிபுணர்களிடம் கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் அவருக்கென்று ஒரு சிகிச்சைத் திட்டம் வகுக்கப்படும். விவரம் ரகசியமாக வைக்கப்படும். 2019 டிசம்பரில் கஞ்சாவையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்து மதுவைப் போலவே சிகிச்சை வழியில் கையாள முடிவானது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால் உயிர் போனதுண்டா?

2007 ஏப்ரல் 29, நள்ளிரவு தாண்டிய நேரம், செயின்ட் லூயிஸ் நெடுஞ்சாலை. கார்டினல்ஸ் பிட்சர் ஜாஷ் ஹேன்காக்கின் வண்டி, சாலையில் நின்றிருந்த மீட்பு லாரியின் பின்னால் மோதியது. அவருக்கு 29 வயது. ரத்தத்தில் மது 0.157, சட்டம் அனுமதிக்கும் அளவு 0.08, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முந்தைய வருடம்தான் அந்த அணி வேர்ல்டு சீரிஸ் வென்றிருந்தது. இதற்கு ஐந்து வாரம் முன்பு அணியின் மேனேஜர் டோனி லா ரூசா, ஃபுளோரிடாவில் சிக்னலில் நின்ற வண்டிக்குள் ஸ்டீயரிங் முன்னால் தூங்கிக் கிடந்து, குடித்து ஓட்டிய வழக்கில் கைதாகியிருந்தார். தலைவரே அப்படியிருக்கும் அறையில், ஒரு இளம் வீரருக்கு யார் போய் எச்சரிக்கை சொல்ல முடியும்?

இரண்டு வருடம் கழித்து இன்னொரு பக்கம். லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸின் 22 வயது நிக் ஏடன்ஹார்ட் 2009 ஏப்ரல் 8 இரவு, அந்த சீசனின் தன் முதல் ஆட்டத்தில், ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்தார். அவருடைய அப்பா மைதானத்தில் இருந்து பார்த்தார். சில மணி நேரத்தில் ஃபுல்லர்ட்டன் ஊரில், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த குடிகாரரின் வண்டி மோதி, ஏடன்ஹார்ட்டும் இரண்டு நண்பர்களும் இறந்தார்கள். ஓட்டியவருக்கு 51 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை. ஏடன்ஹார்ட் குடிக்கவில்லை, வண்டி ஓட்டவும் இல்லை.

கிளப்ஹவுஸில் பியரைத் தடை செய்தால் போதாதா?

தடை செய்த அணிகள் உண்டு. ஓக்லண்ட் 2006இல், தன் பிட்சர் ஒருவர் கைதானபிறகு. கார்டினல்ஸ் 2007இல், ஹேன்காக் இறந்தபிறகு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2012இல். பாஸ்டன் கதை ஊரறிந்தது: 2011 செப்டம்பரில் 27 ஆட்டங்களில் 20 தோற்று, கையில் இருந்த பிளேஆஃப், அதாவது சீசனுக்குப் பிந்தைய சுற்றின், இடத்தை இழந்தது. தங்கள் முறை இல்லாத நாட்களில் சில பிட்சர்கள், ஆட்டம் நடக்கும்போதே உள்ளே பியரும் பொரித்த கோழியுமாக உட்கார்ந்திருந்தது வெளியே வந்தது. புது மேனேஜர் பாபி வாலன்டைன் வந்ததும் முதல் வேலையாக பியரை வெளியேற்றினார்.

மைதானத்தில் குடித்த கையோடு வண்டி எடுப்பதை இது குறைக்கும், அந்த வகையில் நல்லது. ஆனால் சபாத்தியா குடித்தது ஹோட்டல் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மேன்டில் குடித்தது ஊர் முழுக்க. குளிர்பெட்டியைக் காலி செய்வது அணிக்குச் சுலபம், செய்தியிலும் நன்றாக இருக்கும்.

சக வீரர்கள் எப்படி உதவுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். பேஸ்பாலில் ஒரு தொடரை ஜெயித்தால் உடை மாற்றும் அறையில் ஷாம்பெய்ன் பாட்டில்களைக் குலுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவார்கள். தரை, சுவர், கண் எல்லாம் மது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ஜாஷ் ஹாமில்டனுக்கு அந்த அறைக்குள் நுழைவதே ஆபத்து. 1999இல் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டின் முதல் தேர்வாக எடுக்கப்பட்டவர், போதையிலும் குடியிலும் பல சீசன்களை மொத்தமாக இழந்து மீண்டவர். கையில் பணம் இருந்தால் ஆபத்து என்று, உடன் இருந்த பயிற்சியாளர் ஜானி நேரன் அவருடைய செலவுப் பணத்தை வைத்துக்கொள்வார்.

2010 அக்டோபர் 12, ரேஞ்சர்ஸ் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு பிளேஆஃப் தொடரை ஜெயித்தது. வீரர்கள் அறையில் காத்திருந்தார்கள். ஹாமில்டன் உள்ளே வந்ததும், ஆளுக்கொரு ஜிஞ்சர் ஏல், நம்மூர் இஞ்சி சோடா மாதிரி, கையில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே அவரை நனைத்தார்கள். நடுவில் நின்று அவரும் குதித்தார். ஷாம்பெய்ன் பிறகுதான். யாரும் விதி போட்டு இதைச் செய்யவில்லை.

எல்லா அணிகளும் இப்படியா?

இல்லை. அதே ஹாமில்டனுக்கு 2012 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி ஐந்து வருடத்துக்கு 125 மில்லியன் டாலர் பேசியது. ஆட்டம் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2015 தொடக்கத்தில் அவர் மறுபடி சறுக்கினார். தானாகவே லீக்கிடம் போய்ச் சொன்னார். அவர் சிகிச்சை விதியை மீறவில்லை, தடை போட முடியாது என்று இந்தத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட நடுவர் தீர்ப்பளித்தார். அணி நிர்வாகம் அதை வெளிப்படையாகவே விரும்பவில்லை. உடை மாற்றும் அறையில் அவருக்கு இடம் ஒதுக்கவில்லை. கடையில் அவர் பெயர் போட்ட பொருட்கள் காணாமல் போயின. ஏப்ரல் இறுதியில், மிச்சச் சம்பளத்தில் பெரும் பகுதியைத் தானே கட்டிக்கொண்டு, ரேஞ்சர்ஸுக்கே திருப்பி அனுப்பியது.

பணம் போட்டவருக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் தானாக வந்து சொன்னவரை இப்படி நடத்தினால், அடுத்தவர் சொல்வாரா? அணிகள் அன்பாக இருப்பது நன்றாக ஆடுபவரிடம்தானோ என்ற சந்தேகம் இந்த இடத்தில் எனக்கு வலுவாக வருகிறது.

டெட்ராய்டின் மிகேல் கப்ரேராவை ஒப்பிட்டுப் பாருங்கள். 2009 அக்டோபரில் சீசனின் கடைசி வார இறுதியில் இரவு முழுக்கக் குடித்து, வீட்டுச் சண்டையில் போலீஸ் வந்தது. ரத்தத்தில் மது 0.26. பொது மேலாளர் டேவ் டோம்ப்ரோவ்ஸ்கியே நேரில் போய்க் காவல் நிலையத்திலிருந்து அழைத்து வந்தார். அணி பிளேஆஃப் வாய்ப்பை ஒரே ஒரு ஆட்டத்தில் இழந்தது. 2011 பிப்ரவரியில் குடித்து ஓட்டி மறுபடி கைது. அணி கைவிடவில்லை, மருத்துவர்கள், கூடவே ஒரு துணை ஆள் என்று ஏற்பாடு செய்தது. 2012இல் அவர் மும்முடி, அதாவது அடி சராசரி, ஹோம் ரன், அடித்து உள்ளே கொண்டுவந்த ரன் மூன்றிலும் முதலிடம் பெற்றார். 1967க்குப் பிறகு யாரும் செய்யாதது. நல்ல முடிவுதான். ஆனால் கப்ரேரா சாதாரண மாற்று வீரராக இருந்திருந்தால் இரண்டாவது கைதுக்குப் பிறகு என்ன நடந்திருக்கும்?

சிறைக்குப் போனவருக்கு அணி மறுவாய்ப்பு கொடுத்ததுண்டா?

மேட் புஷ். 2004இல் நாட்டின் முதல் தேர்வு. 2012இல் ஃபுளோரிடாவில் குடித்துவிட்டு ஓட்டி, 72 வயது மோட்டார் சைக்கிள்காரரைப் படுகாயப்படுத்திவிட்டு நிற்காமல் போனார். அந்தப் பெரியவர் பிழைத்தது தலைக்கவசத்தால். புஷ்ஷுக்கு 51 மாதச் சிறை. வெளியே வந்து ஜாக்சன்வில்லில் ஒரு உணவகத்தில் வேலை பார்த்தார். அந்த உணவகத்தின் வண்டி நிறுத்தும் இடத்தில் ரேஞ்சர்ஸ் ஆள் ஒருவர் முன்னால் பந்து எறிந்து காட்டினார். அணி எடுத்துக்கொண்டது, நிபந்தனைகளோடு: குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, அப்பா கூடவே இருக்க வேண்டும். 2016 மே மாதம், 30 வயதில் முதல் ஆட்டம். பல வருடம் நன்றாகப் போயிற்று. 2024 அக்டோபரில், அணியில் இல்லாத காலத்தில், டெக்சாஸில் விபத்துக்குப் பின் குடித்து ஓட்டியதாக மறுபடி கைதானார்.

அந்த நிபந்தனைகள் வீண் என்று நான் நினைக்கவில்லை. அவை இருந்த வருடங்களில் வேலை செய்தன. அணியை விட்டு வெளியே வந்ததும் அவற்றில் எத்தனை கூட வரும் என்பதுதான் கேள்வி.

வேறு நாடுகளில்?

கொரியாவில் இது மிகக் கடுமை. பிட்ஸ்பர்கில் ஆடிய காங் ஜங்-ஹோ 2016 டிசம்பரில் சோலில் குடித்து ஓட்டி மோதினார், அது மூன்றாவது முறை. அமெரிக்க விசா கிடைக்காமல் 2017 முழுவதும் போயிற்று. பிறகு தாய்நாட்டு லீக்கில் ஆட முயன்றபோது ரசிகர்கள் எதிர்ப்பில் விலகினார். 2022இல் ஒரு அணி எடுத்தபோது லீக்கே ஒப்புதல் தரவில்லை.

ஓய்வுபெற்றவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பேஸ்பால் உதவிக் குழு என்று 1986இல் தொடங்கிய அமைப்பு இருக்கிறது. கஷ்டத்தில் இருக்கும் முன்னாள் வீரர்களின் வாடகை, மருத்துவம், மறுவாழ்வுச் செலவுகளுக்கு உதவுகிறது. இதில் உழைத்தவர் சாம் மெக்டவல். 1965இல் 325 ஸ்டிரைக் அவுட் எடுத்த அசுர வேகப் பிட்சர், குடியில் எல்லாம் போனது. விட்டபிறகு படித்து, போதை மீட்பு ஆலோசகரானார். டெக்சாஸ், டொரான்டோ அணிகளில் வீரர்களுக்கு ஆலோசகராக இருந்தார். ஆடிய காலத்தில் அவர் வேர்ல்டு சீரிஸ் பக்கமே போகவில்லை. 1993இல் டொரான்டோ ஜெயித்தபோது, ஆலோசகர் என்ற முறையில் அவருக்கும் ஒரு மோதிரம் கொடுத்தார்கள்.

யாங்கீஸ் இன்றும் அப்படியே நடந்துகொள்கிறதா? சபாத்தியா இப்போது எப்படி இருக்கிறார்?

2023 ஜூனில் யாங்கீஸின் டோமிங்கோ ஹெர்மான் ஓக்லண்டில் முழுநிறைவான ஆட்டம் எறிந்தார். ஐந்தே வாரத்தில், கிளப்ஹவுஸில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பின், குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் சேர ஒப்புக்கொண்டார். அந்த சீசனில் அவர் மறுபடி ஆடவில்லை, அடுத்த சீசனுக்கு அவர் யாங்கீஸில் இல்லை. ஒவ்வொரு கதையும் சபாத்தியா கதை மாதிரி போவதில்லை.

சபாத்தியா 2016இல் திரும்பி வந்தார். 2017இல் 14 வெற்றி, 5 தோல்வி. 2019 ஏப்ரல் 30 அன்று 3,000ஆவது ஸ்டிரைக் அவுட். அந்த வருடத்தோடு ஓய்வு. 2025 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் ஹால் ஆஃப் ஃபேம் மேடை ஏறினார். 2015இல் அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜரிடம் போய் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேதான் நான் அதைப் பார்த்தேன்.